தொலைபேசியில் பேச இயலாதவர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? விடுதியில் இருக்கும் உங்கள் மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை சாப்பிட்டதாக அம்மாவிடம் சொல்வதோடு சரியா?

ஒரு சேதி. சிரிக்காமல் படிக்க வேண்டும். உங்கள் மச்சான் கமிட்டி மெம்பர் ஆகிவிட்டான். இருபத்தெட்டு வருடமாக லிஃப்டின் கூரைமேல் குந்தியிருந்து கிரீஸ் பூசியவனை, ஏழாவது மாடியில் ஏ.சி. அறையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப் போகிறார்கள்.

விஷயம் இதுதான். ஒரு அறக்கட்டளை. மனச்சோர்வு, பயம், குடிப்பழக்கம் போன்ற தொல்லைகளுக்கு ஏற்கெனவே பல சிகிச்சை முறைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது யாருக்கு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் கொடுக்கிறார்கள். டாக்டர்கள் விண்ணப்பம் போடுவார்கள். பதினோரு பேர் படித்துப் பார்த்து மார்க் போடுவார்கள். அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேராவது சிகிச்சை வாங்கிக்கொண்டவர்களாக இருக்க வேண்டும் என்று விதி. நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கு அந்தப் பயம் வந்து மூன்று வாரம் லீவில் இருந்தேனே, அப்போது பார்த்துக்கொண்ட நர்ஸம்மா என் பேரைக் கொடுத்துவிட்டார்.

பதினெட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது. தலைக்கு வைத்துப் படுக்கும் உயரம். யார், எந்த ஆஸ்பத்திரி என்று வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆகவே உங்களிடம் நம்பரை மட்டும் சொல்வேன். உங்கள் காதுக்குப் போன் ஒத்துவராமல் போனதில் எனக்கு ஒரு லாபம், இதையெல்லாம் விலாவாரியாக எழுதலாம். போனில் நீங்கள் இருந்தால் இதற்குள் நாலு இடத்தில் குறுக்கே பேசியிருப்பீர்கள்.

பதில் போடுங்கள்.

உங்கள் மச்சான்

*

பிப்ரவரி 17

மாண்புமிகு கமிட்டி மெம்பர் அவர்களின் சமூகத்துக்கு,

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே எழுந்து நின்று சிரித்தேன். உங்கள் தங்கச்சி என்னவோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கடிதத்தைக் காட்டினேன். "எங்கண்ணன் மட்டும் காலேஜ் போயிருந்தா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. காது மந்தமானதில் இப்படிச் சில சௌகரியங்களும் உண்டு.

நாங்கள் நலம். மகள் இளைத்திருக்கிறாள் என்கிறாள் உங்கள் தங்கச்சி. எனக்குப் பார்வைக்கு அப்படித் தெரியவில்லை.

வேலை நன்றாகப் போகிறது. தகடு அடிக்கும் பிரஸ்ஸிலிருந்து போன டிசம்பரில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள் அல்லவா? ராஜ வாழ்க்கை. நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. எதுவும் வாயைத் திறப்பதில்லை. ஆட்கள் சீட்டில் எழுதி நீட்டுவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்தில் நின்ற காதுக்கு இப்போதுதான் ஓய்வு.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஸ்டோரில் என்னோடு ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறார். காலையில் செருப்பை மாட்டவே அரை மணி ஆகிறதாம். எதை எடுத்தாலும் 'இதனால் என்ன ஆகிவிடப் போகிறது' என்று தோன்றுகிறதாம். எனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மசிய மாட்டேன் என்கிறார். உங்கள் பெரிய மனிதர்களிடம் கேட்டு எழுதுங்களேன். அவருக்காகத்தான்.

உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

மாப்பிள்ளை

*

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலிடம் உங்கள் விசாரிப்பைச் சொன்னேன், அது வலியால் பதில் சொன்னது.

முதல் கூட்டம் முடிந்தது. நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பேர் எழுதிய அட்டை. தலைவர் ரிட்டையரான பேராசிரியர், பேச்சை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாதவர். எனக்குப் பக்கத்து நாற்காலியில் புள்ளிவிவரம் பார்க்கும் அம்மா. கையில் கால்குலேட்டர் இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. நான் மனசுக்குள் அவருக்குக் கால்குலேட்டர் அம்மா என்று பேர் வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. எல்லா விண்ணப்பத்திலும், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தது. பொறுக்க முடியாமல் கால்குலேட்டர் அம்மாவின் காதைக் கடித்தேன்.

"ஏம்மா, நோயாளிக்கு எது நல்லதுன்னு டாக்டர் பார்த்து முடிவு பண்ண மாட்டாரா? சீட்டு குலுக்கியா போடுவாங்க?"

"டாக்டர் முடிவு பண்ணினா, நல்லாப் பேசுறவங்களை எல்லாம் பேச்சு வைத்தியத்துக்கு அனுப்பிடுவார். அப்புறம் ஆள் தேறினது வைத்தியத்தாலயா, ஏற்கெனவே பேசத் தெரிஞ்ச ஆளுங்கிறதாலயா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நியாயமாகத்தான் இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பதினான்காம் நம்பர். மனச்சோர்வு உள்ள அறுநூறு பேர். பாதிப் பேர் வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து ஆலோசகரிடம் நேரில் பேசுவார்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்தே போனில் பேசுவார்கள். இரண்டு வருடம் கழித்து யார் நன்றாக இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றும் அதில் சேர்ந்திருக்கிறது, எது என்று கேட்காதீர்கள். பஸ் செலவும் அரை நாள் லீவும் இல்லாமல் குணமாகும் என்றால் எத்தனை பேருக்கு நல்லது! பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டேன். இறுதி முடிவு ஜூலையில்.

ஸ்டோர் நண்பருக்கு: கமிட்டி யாருக்கும் வைத்தியம் சொல்லாது. நான் நர்ஸம்மாவிடம் கேட்டேன். "ஜோக் சொன்னதெல்லாம் போதும். பக்கத்து ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கும், ஒரு தடவை போய்ப் பேசிட்டு வரச் சொல்லுங்க. கூட யாராவது போங்க" என்றார். நீங்களே கூட்டிக்கொண்டு போங்களேன்.

உங்கள் மச்சான்

*

ஏப்ரல் 2

மச்சானுக்கு,

சௌக்கியம். உங்கள் தங்கச்சியும் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை. நண்பரிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். வெயில் அதிகம். பேருந்து நிலையத்துக் கடிகாரம் பத்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது. யாரும் சரி செய்வதாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை

*

ஏப்ரல் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கிண்டலைக்கூடக் காணோம். வழியில் தபால்காரர் எடுத்துக்கொண்டாரா?

இன்னொன்று. ஃபாக்டரி பஸ் உங்கள் தெருமுனைக்கே வருமே, பேருந்து நிலையத்தில் உங்களுக்கு என்ன வேலை? சும்மா கேட்டேன்.

பதினான்காம் நம்பரை மறுபடி எடுத்துப் படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில், யாரையெல்லாம் சேர்க்க மாட்டோம் என்று ஒரு பட்டியல். அதில் ஐந்தாவது வரி: 'தொலைபேசியில் பேச இயலாதவர்கள்.' முதல் தடவை இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை அங்கேயே நின்றுவிட்டேன், உங்கள் ஞாபகம் வந்தது. உங்களைப் போன்றவர்களை இப்படி வாசலிலேயே நிறுத்துவது சரியா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நீங்கள் சொல்வதை வைத்துத்தான் ஜூலையில் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

ஸ்டோர் நண்பர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா? அவருக்கு என்ன வயது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் மச்சான்

*

மே 3

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கடிதம் போட்டு மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. போனில் உன்னைக் கேட்டால் "நல்லா இருக்கோம்ணா" என்கிறாய். குரல் நன்றாக இல்லை. அவர் எதிரில் இருப்பதால் பேச முடியவில்லையா? அவருக்குக் காதுதான் கேட்காது, முகத்தைப் படித்துவிடுவார், தெரியும். அதனால் எழுது. என்னவானாலும் பூசி மெழுகாமல் எழுது.

அண்ணன்

*

மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் ஃபாக்டரி ஸ்டோர் மேலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் இவருடைய கண்ணாடிக் கூடு. "மறந்து வெச்சுட்டுப் போயிட்டார்மா. ஆறு வாரமாச்சு, வருவார் வருவார்னு பார்த்தேன். உடம்பு தேவலையா?" என்றார். கூட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டி அனுப்பினேன். இவர் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போகிறார், சாயங்காலம் டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்து கழுவி வைக்கிறார். ஆறு வாரமாக எங்கே போய்க்கொண்டிருந்தார்?

அண்ணா, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்டாலும் சத்தம் போட்டுத்தான் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி "நீங்க வேலைக்குப் போறதில்லையாமே"ன்னு எப்படிக் கத்துவது? இரண்டு நாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி டப்பா கட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பின்னாலேயே போனேன். பேருந்து நிலையத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பஸ்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு, அவ்வளவுதான். மதியம் வரை தூணுக்குப் பின்னால் நின்றேன். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நான் டப்பாவை வாங்கித் திறந்து மூடியில் பாதியை வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். டப்பாவை அவரே குழாயில் கழுவினார். ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

அதிலிருந்து வீட்டிலேயே இருக்கிறார். உங்கள் கடிதங்களை மட்டும் எடுத்து எடுத்துப் படிக்கிறார். பதில் எழுத உட்காருகிறார், பேனாவை மூடி வைத்துவிடுகிறார். உங்கள் கடிதத்தில் பார்த்தேன், ஸ்டோரில் கூட ஒருவர் இருப்பதாக எழுதினாராமே? மேலாளரிடம் கேட்டேன், அங்கே வேறு யாரும் இல்லை அண்ணா. இவர் ஒருவர்தான்.

நீங்கள் எழுதினால் படிப்பார்.

தங்கச்சி

*

மே 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம் என்று எழுதப் போவதில்லை. இந்தத் தடவை நிஜத்தை எழுதுகிறேன். தங்கச்சி எல்லாம் எழுதியிருக்கிறாள். அவள்மேல் கோபப்படாதீர்கள், நான்தான் வற்புறுத்தினேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்று வாரம் லீவு என்று உங்களுக்கெல்லாம் சொன்னேன். பொய். ஏழு மாதம். லிஃப்ட் கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் ஸ்பானர் கையிலிருந்து நழுவும். முதல் ஐந்து மாதம் மாத்திரை. எனக்கு அது ஒத்துவரவில்லை. அதே மாத்திரை எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரருக்கு அமிர்தமாக இருந்தது. பிறகு ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் குழுவில் சேர்த்தார்கள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. அந்த ஐந்து மாதம் வீணானதில் யார்மேலும் தப்பில்லை. என்னை மாதிரி ஆளுக்கு எது முதலில் கொடுக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்த்து எழுதி வைத்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான். கமிட்டிக்கு நான் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

இன்னொரு நிஜம். லிஃப்டை ரிப்பேர் செய்வேன், அதில் ஏறி நின்று பிரயாணம் செய்ய இன்னும் வராது. நான்கு வருடமாக எந்தக் கட்டடத்திலும் படிக்கட்டுதான், கமிட்டி நடப்பதோ ஏழாவது மாடி. படியேறிப் போகிறேன். முழங்கால் வலியின் ரகசியம் இதுதான். லிஃப்ட் மெக்கானிக் மூச்சு வாங்கப் படியேறுவதை வாட்ச்மேன் வாயில் கை வைத்துப் பார்க்கிறார். இது என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நீங்கள் சிரிக்கலாம், அனுமதி உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேச வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் பிப்ரவரியில் நீங்கள் எனக்கு எழுதியதையும் அங்கே காட்டுங்கள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். செருப்பு மாட்ட அரை மணி என்று நீங்கள் எழுதிய வரி போதும், அவர்களுக்குப் புரியும்.

ஒரு விஷயம் உங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பதினான்காம் நம்பரைப் பற்றி நான் பேசுவதாக இருந்தால், எனக்கு இப்படி ஒரு உறவினர் இருக்கிறார் என்று முதலில் சொல்லியாக வேண்டும். கமிட்டி செயலாளரிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். "தாராளமா பேசலாம், ஓட்டும் போடலாம். ஆனா உங்க உறவுங்கிறதால அவர் அந்த ஆராய்ச்சியில சேர முடியாது" என்றார். நான் பேசாமல் ஒதுங்கிக்கொண்டால், பின்னால் எப்போதாவது காது கேளாதவர்களையும் சேர்த்தால், உங்கள் ஊரிலேயே உங்களுக்கு இடம் கிடைக்கலாம். நான் ஒதுங்கினால் அந்த ஐந்தாவது வரியைப் பற்றி அங்கே வேறு யாரும் கேட்கப் போவதும் இல்லை. நீங்கள் சொல்வதுபடி செய்கிறேன்.

அவசரமில்லை. ஒரு வரி போதும்.

உங்கள் மச்சான்

*

ஜூன் 11

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் ஸ்டோர் நண்பரைப் பற்றி. அவருக்கு வயது ஐம்பது. வீட்டில் மனைவி, விடுதியில் மகள். வாயாடியான மச்சான் ஒருவரும் உண்டு.

உங்கள் படிக்கட்டு விவரத்தைப் படித்துச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. உங்கள் தங்கச்சி ஓடிவந்தாள், கடிதத்தைக் காட்டவில்லை. உங்கள் ரகசியம் பத்திரம்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆலோசகர் ஒரு நடுவயது அம்மா, சாந்தமான முகம். உதடு அசைந்தது. நானும் வழக்கம்போல் தலையாட்டினேன். பதில் சொல்ல வேண்டிய இடம் போலத் தெரிந்ததும், "ஒரே பொண்ணுதான் மேடம்" என்றேன். அவர் கேட்டது தூக்கம் எப்படி என்று. உங்கள் தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த அம்மா ஒரு தாளை எடுத்து, 'நான் பேசுவது கேட்கிறதா?' என்று எழுதினார். "கேட்குது, கேட்குது" என்றேன். அதற்குக் கீழே அவர் எழுதினார்: 'பொய்.'

மச்சான், அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அழுதேன். வெட்கமாக இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

மறு வாரம் அவர் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அவர் ஒரு வரி எழுதுகிறார், நான் கீழே எழுதுகிறேன். சத்தமே இல்லாமல் முக்கால் மணி ஓடிவிடுகிறது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஸ்டோருக்குப் போன பிறகு என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார். யோசித்தேன். பிரஸ்ஸில் இருந்தபோது யாருக்குமே காது கேட்காது. அந்தச் சத்தத்தில் எல்லாரும் கையாலும் கண்ணாலும் பேசுவோம், கேலி செய்வோம், சண்டை போடுவோம். நான் அங்கே செவிடன் இல்லை. ஸ்டோரில் எல்லாருக்கும் கேட்கும், எனக்கு மட்டும் கேட்காது. 'எட்டு எம்.எம். போல்ட் நாற்பது' என்று சீட்டு வரும். 'வாஷர் நூறு' என்று வரும். மாதக்கணக்கில் வினைச்சொல்லோடு ஒரு முழு வாக்கியத்தை எனக்கு எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான். அதற்கே பதில் போட முடியாத நிலைக்கு வந்துவிட்டேன் என்றதும்தான் எனக்கே பயம் வந்தது. எழுத எழுத இதெல்லாம் வெளியே வருகிறது, எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பேசுங்கள். எனக்கு நோட்டுப் புத்தகம் கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தில் என்னோடு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை, ஆனால் நான் மட்டும் இல்லை. என் பேரையும் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை

*

ஜூலை 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் நலம், நிஜமாகவே. படிக்கட்டு விஷயத்தை வீட்டுக்காரியிடம் நானே சொல்லிவிட்டேன். "அதான் வர்றப்ப எல்லாம் தைலம் தேடுறீங்களா?" என்றாள். அவ்வளவுதான். நான்கு வருடம் மென்று விழுங்கிய விஷயம், ஒரு தைலப் பாட்டிலோடு முடிந்தது.

கூட்டம் நடந்தது. ஆரம்பத்திலேயே எழுந்து, என் தங்கை வீட்டுக்காரருக்குக் காது கேட்காது, இப்படி இப்படி, அவர் இந்த ஆராய்ச்சியில் சேர மாட்டார் என்று சொன்னேன். தலைவர் குறித்துக்கொண்டார்.

பதினான்காம் நம்பருக்கு விளக்கம் சொல்ல ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயது, கெட்டிக்காரி. ஐந்தாவது வரியைக் கேட்டேன்.

"சார், குலுக்கல்ல யாருக்கு எது வரும்னு முன்னாடியே தெரியாது. போன்ல பேச முடியாதவருக்குப் போன் வந்துட்டா என்ன பண்றது? ரெண்டுக்கும் பொருந்துறவங்களை எடுத்தாதான் ஒப்பீடு சரியா இருக்கும்" என்றார்.

"புரியுது டாக்டர். லிஃப்ட்ல ஆறு பேர்தான்னு எழுதியிருக்கும். ஏழாவது ஆளை எறக்கி விட்டுடுவோம். அது சரிதான், இல்லைன்னா எல்லாரும் மாட்டிக்குவோம். ஆனா எறங்கினவர் படியேறிப் போனாரா, இல்லை அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டாரான்னு யாராவது பார்த்திருக்கோமா? நாளைக்குப் போன்தான் நல்லதுன்னு உங்க முடிவு வந்தா, எல்லா ஊர்லயும் நேர்ல பார்க்கிற அறையைக் குறைச்சிடுவாங்க. அப்ப இவங்க எங்க போவாங்க?"

தலைவர், "இது நல்ல விண்ணப்பம். இதுக்காக நிறுத்தணுமா?" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் ஒன்பது மார்க் போட்ட விண்ணப்பத்தை நானே கவிழ்க்கிறேனோ என்று தோன்றியது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்போது கால்குலேட்டர் அம்மா தலையைத் தூக்கினார். "நிறுத்த வேண்டாம். தனியா ஒரு சின்னக் குழு வைக்கலாம். காது கேட்காதவங்க மட்டும். பாதிப் பேர் நேர்ல உட்கார்ந்து எழுதிப் பேசட்டும், பாதிப் பேர் வீட்டிலிருந்தே திரையில எழுதிப் பேசட்டும். அவங்களுக்குள்ள குலுக்கல் போட்டுக்கலாம். எத்தனை பேர் வேணும்னு நான் கணக்குப் பார்த்துத் தர்றேன்."

டாக்டரம்மா விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எழுதிப் பேசுற ஆலோசனையை யாரும் ஒழுங்கா சோதிச்சதே இல்லை. எங்களுக்கே தெரியலை, எப்படி நடத்துறதுன்னு" என்றார். உங்கள் நோட்டைப் பற்றிச் சொன்னேன். நூறு பக்கம், ஒரு வரி அவர், ஒரு வரி இவர் என்று. அவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

முடிவு: இப்போது பணம் இல்லை. மாற்றி எழுதிக்கொண்டு அக்டோபரில் வர வேண்டும். தோற்றது போலவும் இருக்கிறது, ஜெயித்தது போலவும் இருக்கிறது.

உங்கள் மச்சான்

*

அக்டோபர் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். சுருக்கமாக எழுதுகிறேன், தபால் பெட்டி திறக்கும் நேரம்.

பதினான்காம் நம்பர் தேறிவிட்டது. பத்துக்குப் பத்து போட்ட ஒரே ஆள் நான். கால்குலேட்டர் அம்மா, "பத்தெல்லாம் போடக் கூடாது, எப்பவும் கொஞ்சம் சந்தேகம் இருக்கணும்" என்று என்னைத் திட்டி, தானும் ஒன்பதரை போட்டார். அறுநூறு பேரோடு காது கேட்காதவர்கள் நூற்றிருபது பேர். ஐந்தாவது வரியை அடித்துவிட்டார்கள். அடுத்த மாதமே உங்கள் ஊரில் ஆட்களைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். உங்களால் சேர முடியாது என்பது மட்டும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது.

வேலைக்குத் திரும்பியதாகப் போன மாதம் எழுதினீர்கள். எப்படிப் போகிறது? தங்கச்சி எப்படி இருக்கிறாள்?

உங்கள் மச்சான்

*

அக்டோபர் 25

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நலம், மகளும் நலம், அவள் இளைக்கவில்லை என்று உங்கள் தங்கச்சியே ஒத்துக்கொண்டுவிட்டாள்.

முள்ளைப் பிடுங்கிப் போடுங்கள். அந்த நூற்றிருபது பேருக்கும் குலுக்கலில் எது வந்தாலும் எழுதிப் பேச ஆள் உண்டு. எனக்கு அது போதும். எனக்குச் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது, மூன்றாவது நோட்டு ஓடுகிறது. எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. போன வாரம் இரண்டு நாள் செருப்பு மறுபடி கனத்தது. ஆனால் மாட்டிக்கொண்டு போனேன். ஸ்டோரில் ஒரு கரும்பலகை கேட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன். போல்ட் கேட்டு வருபவர் அதில் ஒரு வரியாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் கிடையாது. முதலில் முறைத்தார்கள். இப்போது வரிசையில் நின்று எழுதுகிறார்கள், பாதிக்கு மேல் மேலாளரைப் பற்றி.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆலோசகர் அம்மா இந்த வாரம் உங்கள் தங்கச்சியையும் உள்ளே கூப்பிட்டார். மூன்று பேருக்கும் நடுவில் நோட்டு. அவளிடம் தள்ளி, 'இவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்' என்று எழுதினார். என்ன குறை எழுதப் போகிறாளோ, எத்தனை வருடத்துக் கோபமோ என்று நினைத்தேன். அவள் பேனாவை வாங்கினாள், கொஞ்சம் யோசித்தாள், எழுத ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். ஆலோசகர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார்.

கடைசியில் நோட்டை என் பக்கம் திருப்பினாள். முதல் வரி: 'நீங்கள் கேட்காததால் நான் பேசாமல் இல்லை. சாப்பாடு, கதவு, சாவி, இதையெல்லாம் கத்தலாம். மற்றதைக் கத்த முடியவில்லை.' அடுத்த வரியிலிருந்து என்ன தெரியுமா மச்சான்? ஊர் வம்பு! மாடி வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் பூசி நெற்றியெல்லாம் கறுப்பாகி ஒரு வாரம் மப்ளர் கட்டிக்கொண்டு திரிந்தது. எதிர் வீட்டு மாமியாரும் மருமகளும் எங்கள் சுவரோரமே நின்று சண்டை போட்டுக்கொண்டு, நான் ஜன்னல் ஓரம் பேப்பர் படிப்பதைப் பார்த்து, "இவர் இருந்தா பரவாயில்ல" என்று தொடர்ந்தது. உங்கள் பெரிய மாமா கல்யாண வீட்டில் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு போய், திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பது. என் காது மந்தமானதிலிருந்து ஆறு வருடத்துக் கதை மச்சான். எல்லாம் என் மூக்குக்கு முன்னால் நடந்திருக்கிறது. யாரைப் பற்றிய வம்போ அவர்களுக்கே கேட்கும்படி அதைக் கத்த முடியாதே என்று உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

அந்தச் செருப்பு விஷயத்துக்கு வந்ததும் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒரு டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவள் ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள், மறு கையால் நோட்டை இழுத்து அடுத்ததை எழுத ஆரம்பித்தாள்.

அதில் இன்னும் இரண்டு வருடத்துக் கதை பாக்கி இருக்கிறதாம். இன்று கடையிலிருந்து வரும்போது அவளே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து எழுதுகிறாள். தானாகவே சிரித்துக்கொள்கிறாள். என்னவென்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதோடு முடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை